நூற்றுப் பதினான்காம் காட்சி

எனக்குப் பேனாவில் எழுதிப் பழக்கமில்லை. பென்சில் தர முடியாது, எழுதிக் கொடுப்பது மையில்தான் இருக்க வேண்டும் என்றீர்கள். நியாயம்தான். இருபத்து நான்கு வருடங்களாகப் பக்கத்தில் ரப்பரை வைத்துக்கொண்டே வேலை பார்த்தவன், அங்கங்கே அடித்தல் திருத்தல் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் மேடம். இதையே நீதிபதி முன்னாலும் சொல்ல வேண்டியிருக்கும் என்றீர்கள். சொல்கிறேன். இரண்டு இடத்திலும் ஒன்றையேதான் சொல்வேன்.

பெயர் விஜயகுமார். வயது நாற்பத்தாறு. சொந்த ஊர் காவேரிப்பட்டினம். ஓசூரில், ராயக்கோட்டை சாலையில் இருக்கும் அனிமேஷன் ஸ்டுடியோவில் மூத்த அனிமேட்டர். மனைவி பிரவீனா ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். குழந்தைகள் இல்லை. இதை நேற்று சொன்னபோது உங்கள் எஸ்.ஐ. தலையை நிமிர்த்தி என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவர் நினைத்தது எனக்குப் புரிந்தது. அது காரணம் இல்லை. அடுத்தவர் குழந்தையைப் பார்த்து நான் ஒருநாளும் பொறாமைப்பட்டதில்லை. என்னோடு வேலை பார்க்கும் வினோதாவின் மகள் மேல் எனக்குப் பிரியம்கூட உண்டு. ஆயுதபூஜை அன்று ஸ்டுடியோவுக்கு அழைத்து வந்திருந்தாள். கேட்ட உடனே ஒரு முயல் வரைந்து கொடுத்தேன்.

தொழிலைப் பற்றிக் கேட்டீர்கள். சினிமாவுக்குப் படம் வரைகிறவன் என்றால் போஸ்டரா பேனரா என்கிறார்கள். இரண்டும் இல்லை. கார்ட்டூன் படத்தில் ஒருத்தி திரும்பிப் பார்க்கிறாள் என்றால், அந்தத் திரும்பல் என்னுடையது. ஒரு வினாடிக்குப் பன்னிரண்டு படம் வரைய வேண்டும். நடிகர்கள் முகத்தால் செய்வதை நாங்கள் தாளில் செய்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். இதெல்லாம் இப்போது கம்ப்யூட்டரே செய்துவிடுமே என்று உங்கள் ரைட்டர் கேட்டார். செய்யும். ஆனால் கையால் வரைந்ததுதான் வேண்டும் என்று வெளிநாட்டிலிருந்து கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள், எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லாத அளவுக்கு வேலை இருக்கிறது. முன்பு இயந்திர உதிரிபாகம் செய்துகொண்டிருந்த கட்டடம் அது. இப்போது நாற்பத்து மூன்று பேர், அடியில் விளக்கு எரிகிற கண்ணாடி மேசைகளுக்கு முன்னால் குனிந்திருக்கிறோம்.

நான் விலங்குகளில் பெயர் வாங்கியவன். சென்னையில் இரண்டு கம்பெனி, பெங்களூரில் ஒன்று, எங்கே போனாலும் நாய், குரங்கு, ஒட்டகம் என்று என் மேசைக்குத்தான் வரும். ஓசூர் வந்த பிறகு யானை. சானமாவு காட்டோரம் ராகி அறுவடை சமயத்தில் நாள்கணக்கில் உட்கார்ந்து, யானை நின்றபடியே எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு எப்படி மாற்றுகிறது என்று வரைந்திருக்கிறேன். ஸ்டுடியோவில் எனக்கு 'ஜூ சார்' என்று பெயர். முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள், ஆனால் எனக்குத் தெரியும், சிரித்துக்கொள்வேன். சிரித்தேன் என்றாலும் அது உறுத்தத்தான் செய்தது. இருபத்து நான்கு வருடத்தில் ஒரு மனித முகத்தை, ஒரு முக்கியப் பாத்திரத்தை, யாரும் என்னை நம்பிக் கொடுத்ததில்லை.

போன வருடம் கொடுத்தார்கள். ஐரோப்பியக் கம்பெனி ஒன்றின் முழுநீளப் படம். மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு பெண், தன் மகளைக் காட்டில் தொலைத்துவிட்டுத் தேடுகிறாள். இயக்குநர் ஜமீர் அகமது கிருஷ்ணகிரிக்காரர், என்னைவிட ஆறு வயது இளையவர், அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். "அந்த அம்மா கேரக்டர் உங்களுக்குதாண்ணா" என்று அவர் சொன்ன அன்று வீட்டுக்குப் போகும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன். நான் எளிதில் அழுகிறவன் என்று காட்டுவதற்காகச் சொல்லவில்லை. நடந்தது அது.

அந்தத் தாய்க்கு வினோதாவின் முகச்சாயலைக் கொடுத்தேன். அவளிடம் சொல்லிவிட்டுத்தான் கொடுத்தேன். நான் வேகவேகமாகக் கிறுக்கலாக வரைவதை, மேலே புதுத் தாளை வைத்து ஒற்றைக் கோட்டில் சுத்தமாக எடுத்துத் தருவது அவள் வேலை. அவளைப் போல் கோடு போடுகிறவர் எங்கள் ஸ்டுடியோவில் வேறு யாரும் இல்லை. முப்பது வயது, கணவன் அன்புமணி ஒரு தொழிற்சாலையில் ஷிப்டுக்குப் போகிறவன். சானமாவுக்கு அந்தப் பக்கம், காட்டை ஒட்டிய சின்ன ஊரில் வீடு. ஒரே மகள், ஆறு வயது கவிப்ரியா. சாயல் விஷயத்தைச் சொன்னதும் வினோதா வெட்கப்பட்டாள். "என் மூக்கப் போயா சார் சினிமாவுல போடறீங்க? நல்லா இருந்த மாதிரிதான்" என்றாள்.

நூற்றுப் பதினான்காம் காட்சி ஒன்பது வினாடி. மகள் வீட்டில் இல்லை என்பது தாய்க்குத் தெரிய வருகிற இடம். வசனம் கிடையாது, முகம் மட்டும். நூற்றெட்டுப் படங்கள். நான் ஏழு தடவை வரைந்தேன், ஜமீர் ஏழு தடவையும் திருப்பினார். ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தாள்களை விரலால் சரசரவென்று புரட்டிப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

"அழறது நல்லா இருக்குதுண்ணா. ஆனா இது அழறவங்க மூஞ்சி. அம்மா எங்க?"

ஏழாவது தடவை அவர் கண்ணாடியைத் துடைக்கவில்லை. அடுத்ததும் சரியாக வராவிட்டால் அந்தப் பாத்திரத்தையே பெங்களூரில் இருக்கும் வேறொருவருக்குக் கொடுத்துவிட வேண்டியிருக்கும், கம்பெனிக்காரர்கள் கேட்கிறார்கள் என்றார். மறுபடியும் எனக்கு யானை. அவர் அதைக் கனிவாகத்தான் சொன்னார், அதுதான் தாங்கவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வராத ஒன்றை நினைவிலிருந்து வரையக் கூடாது, போய்ப் பார்க்க வேண்டும். குதிரை வேண்டுமென்றால் குதிரையிடம் போக வேண்டும். பார்த்து எடுத்த குறிப்புத் தாளை ரெஃபரன்ஸ் என்போம். அதில் நேரத்தையும், அந்த முகபாவம் எதனால் வந்தது என்பதையும் ஓரத்தில் எழுதி வைக்க வேண்டும். காரணம் தெரியாத முகபாவம் யாருக்கும் பயன்படாது என்பதை ஒவ்வொரு புதியவருக்கும் நான்தான் சொல்லிக் கொடுப்பேன்.

ஆகவே போய்ப் பார்த்தேன். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு அம்மாள் கண்ணயர்ந்தபோது அவர் பையை எடுத்துப் பெஞ்சுக்குப் பின்னால் வைத்தேன். எழுந்து தேடினார். பதற்றம் இருந்தது, ஆனால் பைக்கான பதற்றம். நானே எடுத்துக் கொடுத்தேன். அடுத்த வாரம் ஒரு சந்தையில், தக்காளிக் கடையில் பேரம் பேசிக்கொண்டிருந்த ஒருத்தியின் கையை விட்டு நின்ற குழந்தையை, நான்கு வயது இருக்கும், அழைத்துப் போய்த் துணிக்கடைக்குப் பின்னால் குச்சி ஐஸ் வாங்கிக் கொடுத்தேன். நான்கு நிமிடம். கொண்டுபோய் விட்டபோது அவள் என் காலைத் தொட வந்தாள். "நீங்க நல்லா இருக்கணும்ணா" என்றாள். குழந்தைக்கு ஒரு கீறல் இல்லை, ஐஸும் கிடைத்தது.

அன்று ஒன்று கற்றுக்கொண்டேன். பிள்ளையைத் தேடுகிற தாய், நின்ற இடத்திலிருந்து தூரமாகப் பார்ப்பதில்லை. கண் கீழே போகிறது, குழந்தையின் உயரத்துக்கு. எல்லோருடைய முகத்தையும் விட்டுவிட்டு இடுப்புக்குக் கீழேயே தேடுகிறாள். ஏழு தடவையும் நான் அந்தக் கண்களை மேலே, காட்டைப் பார்த்து வரைந்திருந்தேன். ஆனால் முதல் கணம் எனக்குக் கிடைக்கவில்லை. தெரிய வருகிற அந்தக் கணத்தில் நான் துணிக்கடைக்குப் பின்னால் இருந்தேன்.

இப்போது அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

எங்கள் ஸ்டுடியோவில் யாரும் செல்போன் வைத்துக்கொள்ளக் கூடாது. படத்தின் ரகசியம் வெளியே போய்விடும் என்று கம்பெனிக்காரர்கள் போட்ட நிபந்தனை. காலையில் உள்ளே வரும்போது எல்லாப் போன்களும் லாக்கருக்குப் போய்விடும். அதன் சாவி, மேற்பார்வையாளன் என்கிற முறையில், என்னிடம் இருக்கும். அவசரத்துக்கு வீட்டில் இருப்பவர்கள் கூப்பிட என் அறையில் ஒரே ஒரு லேண்ட்லைன். அந்த எண்ணை எல்லாக் குடும்பங்களுக்கும் கொடுத்திருந்தோம். ஸ்டுடியோ வேன் ஒன்றும் வாசலில் நிற்கும், டிரைவர் சென்னப்பன். அதை அனுப்புவதும் நான்தான்.

மதியம் இரண்டு நாற்பத்தொன்றுக்குப் போன் வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும் கவிப்ரியாவைப் பார்த்துக்கொள்கிற பக்கத்து வீட்டு சரோஜம்மாள். அன்று பள்ளி அரை நாள்தானாம். அந்த அம்மாள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், எனக்கு ஞாபகம் நன்றாக இருக்கிறது.

"சாருங்களா? பாப்பாவப் பாம்பு கடிச்சிடுச்சுங்க. ராகிப் போர் கிட்ட வெளையாடிட்டு இருந்துச்சு. நல்ல பாம்புங்க, நானே பாத்தேன். நூத்தியெட்டுக்குப் போட்டேன், உத்தனப்பள்ளிப் பக்கம் ஆனை ரோட்டுல நிக்குதாம், பாரஸ்ட்டுக்காரங்க வண்டிய நிறுத்திட்டாங்களாம். ஊர்ல ஆம்பளைங்க ஒருத்தரும் இல்ல. உங்க வண்டிய அனுப்புங்க சார், வினோதாவையும் அதுலயே அனுப்புங்க."

யானை நின்றது அந்தப் பக்கத்தில். எங்கள் பக்கத்து ரோடு திறந்திருந்தது. பதினைந்து நிமிடத்தில் போய்விடலாம். இது எனக்கு அப்போதே தெரியும். தெரியாது என்று சொல்ல எனக்கு வாய்ப்புக் கொடுத்தீர்கள், நன்றி, ஆனால் தெரியும்.

"வண்டி இப்பவே கெளம்புது" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

சென்னப்பனைக் கூப்பிட எழுந்தேன். எழுந்தவன் கண்ணாடிச் சுவர் வழியாக வினோதாவைப் பார்த்தேன். குனிந்து, நாக்கின் நுனியைப் பல்லுக்கு இடையில் வைத்தபடி ஏதோ ஒரு கோட்டை இழுத்துக்கொண்டிருந்தாள். நான் பாம்பு என்று சொன்னால் அவள் ஓடுவாள். ஓடுகிறவளின் முதுகுதான் எனக்குக் கிடைக்கும். அந்த முகத்தை நான் எட்டு மாதமாக வரைகிறேன், அதன் ஒவ்வொரு எலும்பும் எனக்குத் தெரியும், அது இன்னும் ஒரு நிமிடத்தில் எனக்கு வேண்டியதைச் செய்யப் போகிறது, நான் பார்க்காமல் விடப் போகிறேன். இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

உள்ளே கூப்பிட்டு, ஜன்னலைப் பார்த்தாற்போல் இருக்கும் நாற்காலியில் உட்காரச் சொன்னேன். வெளிச்சம் அங்கேதான் நன்றாக இருக்கும். தாளும் பென்சிலும் மடியில் இருந்தன. நான் எப்போதும் எதையாவது வரைந்துகொண்டேதான் பேசுவேன் என்பதால் அவள் அதைக் கவனிக்கவில்லை.

"உங்க பக்கத்து வீட்டம்மா போன் பண்ணாங்க. பாப்பாவக் காணோமாம். ஸ்கூல் வண்டியில இருந்து எறங்கிச்சாம், வீட்டுக்கு வரலியாம்."

முதலில் அவள் சிரித்தாள், மேடம். இதை யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். நான் ஏழு தடவை வரைந்ததில் ஒன்றில்கூட அந்தச் சிரிப்பு இல்லை. தவறுதலாக யாரோ இடித்துவிட்டால், பரவாயில்லை என்று சிரிப்போமே, அந்தச் சிரிப்பு. பிறகு துப்பட்டாவின் நுனியை எடுத்து ஒழுங்காக நான்காக மடித்தாள், எங்கோ கொண்டுபோக வேண்டியதைப் போல. அதன் பிறகு கண் கீழே வந்தது. பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் காணாமல்போன குழந்தையை அவள் என் அறையில் தேடினாள். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது. கை தானாக ஓடியது.

போக வேண்டும் என்று எழுந்தாள். ரோட்டில் யானை, வண்டிகளை நிறுத்தியிருக்கிறார்கள், நடுவில் மாட்டிக்கொள்வாய், அவர்கள் இந்த எண்ணுக்குத்தான் கூப்பிடுவார்கள், நீ கிளம்பிவிட்டால் கிடைத்த செய்தி உனக்கு எப்படி வரும் என்றேன். எல்லாம் கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது. அன்புமணிக்குப் போட்டுப் பார்த்தாள். அவன் போனும் தொழிற்சாலை லாக்கரில். சரோஜம்மாள் எண் அதில்தான் இருக்கிறது என்று தன் போனைக் கேட்டாள். தருகிறேன் என்றேன். சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

இரண்டு ஐம்பத்து மூன்றுக்கு மறுபடி போன். சரோஜம்மாள் அழுதுகொண்டிருந்தார். பாப்பாவுக்குக் கண் சொருகுகிறது என்றார். ரோஜாப்பூ லோடு ஏற்றிய டெம்போ ஒன்று ஓசூருக்குப் போகிறது, அதில் ஏற்றிவிடட்டுமா, இல்லை உங்கள் வண்டி வந்துவிடுமா என்று கேட்டார். ரிசீவரை என் காதோடு அழுத்திப் பிடித்திருந்தேன், வினோதா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வந்துட்டே இருக்காங்க. நீங்க அங்கயே இருங்க" என்றேன்.

டெம்போ போய்விட்டது. வினோதாவிடம், ஊர்க்காரர்கள் ஏரிக்கரைப் பக்கம் தேடிக்கொண்டு வருகிறார்களாம் என்று சொன்னேன்.

மூன்று ஏழுக்கு வெளியே போய்ச் சென்னப்பனை எழுப்பினேன். பின்சீட்டில் படுத்துக் கிடந்தவர், விஷயத்தைக் கேட்டதும் செருப்புக்கூடப் போடாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தார். "பேகா பன்னி, பேகா" என்று கன்னடத்தில் அவசரப்படுத்திக்கொண்டே வண்டியைத் திருப்பினார். வண்டிக்குள் வைத்துத்தான் வினோதாவிடம் பாம்பு என்று சொன்னேன், இப்போதுதான் போன் வந்தது என்றேன். போகிற வழியெல்லாம் சென்னப்பன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. குழந்தையை அவள் மடியில் வாங்கியபோது உயிர் இருந்தது. ஓசூர் வந்து சேர்வதற்குள், ஊருக்குள் நுழைகிற இடத்தில், இல்லை.

இருபது நிமிடம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம். அங்கே வினோதாவின் முகத்தை நான் பார்க்கவில்லை, வராந்தாவிலேயே நின்றுவிட்டேன். தாளும் எடுத்துப் போகவில்லை. என்னைப் பற்றி எழுதும்போது இதையும் நீங்கள் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அடக்கத்துக்குப் போனேன். முதல் ஆளாகப் போய்க் கடைசி ஆளாகத் திரும்பினேன். வண்டி தாமதமானது ரோட்டில் நின்ற யானையால்தான் என்று சரோஜம்மாள் உட்பட எல்லோரும் நினைத்திருந்தார்கள். அன்புமணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதான் சார் வண்டியெல்லாம் குடுத்து உதவி பண்ணீங்க" என்றான். அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் சொல்லி என்ன ஆகப் போகிறது, அவன் மனசாவது ஆறட்டும் என்று விட்டுவிட்டேன்.

எட்டாவது தடவை காட்சியை நான்கு நாளில் முடித்தேன். ஜமீர் தாள்களைப் புரட்டினார். மறுபடி புரட்டினார். தாய் மேசைக்கு அடியில் குனிந்து பார்க்கிற இடத்தில் நிறுத்திவிட்டு, என் தோளில் கையை வைத்தார்.

"எங்க இருந்துண்ணா புடிச்சீங்க இத?"

பார்த்து வரைந்தேன் என்றேன். பொய் சொல்லவில்லை. கம்பெனிக்காரர்கள் அந்த ஒன்பது வினாடியை அவர்கள் நாட்டில் பத்துப் பேருக்குப் போட்டுக் காட்டினார்களாம், பத்துப் பேரும் அழுதார்களாம். 'ஜூ சார்' என்ற பேச்சு அதோடு நின்றது.

நாற்பது நாள் கழித்து வினோதா வேலைக்குத் திரும்பினாள். வீட்டில் இருக்க முடியவில்லை என்றாள். நூற்றுப் பதினான்கை அவளுக்குத்தான் கொடுத்தேன். ஏன் அவளுக்கு என்று நேற்று சத்தம் போட்டீர்கள். வேறு யாரிடம் கொடுப்பது? அந்தத் தாயின் கோடு முதல் காட்சியிலிருந்து அவள் கையில் இருக்கிறது. நடுவில் ஒரு காட்சிக்கு மட்டும் கை மாறினால் பார்க்கிறவனுக்குத் தெரியாவிட்டாலும் படத்துக்குத் தெரியும். கவரில் நூற்றெட்டுப் படங்களையும் வைத்தேன். கூடவே, வழக்கப்படி, ரெஃபரன்ஸ் தாள்கள் ஒன்பதையும் வைத்தேன்.

உங்கள் ஆட்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் ஆச்சரியப்படுகிறார்கள். மறைக்க நினைத்தவன் அதை ஏன் வைத்தான் என்கிறார்கள். நான் மறைக்க நினைக்கவில்லை, மேடம். ரெஃபரன்ஸ் இல்லாமல் காட்சியை அடுத்தவர் மேசைக்கு அனுப்பினால் நானே திட்டுவேன். முதல் தாளின் ஓரத்தில் என் கையெழுத்தில் இருந்ததை நீங்கள் படித்தீர்கள்: "2.44. காணோம் என்று மட்டும் சொன்னேன். பாம்பு என்று சொல்லவில்லை. முதலில் சிரிப்பு." முகபாவத்துக்குக் காரணம் எழுத வேண்டும் என்பதால் எழுதினேன். பயத்தையும் தேடலையும் பிரித்துப் பார்க்காவிட்டால் அந்தக் குறிப்புக்கு அர்த்தமே இல்லை.

அவள் ரெஃபரன்ஸைக் கடைசியில்தான் எடுத்துப் பார்த்திருக்கிறாள். அதற்கு முன்னால் ஆறு நாள், தன் முகம் என்று தெரிந்தும் தெரியாமலும், எழுபத்து நான்கு படங்களைச் சுத்தமாக எடுத்துவிட்டாள். எழுபத்து ஐந்தாவதில் கண் கீழே போக ஆரம்பிக்கிறது. அங்கே சந்தேகம் வந்து ஒன்பது தாள்களையும் விரித்திருக்கிறாள். சத்தம் போடவில்லை. எழுந்து என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"சார், ரெண்டு நாப்பத்து நாலுக்கே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா" என்றேன்.

தாள்களை எடுத்துக்கொண்டு நேராக இங்கே வந்துவிட்டாள். அவள் முடித்த எழுபத்து நான்கு படங்களையும் பிறகு எடுத்துப் பார்த்தேன். சாதாரணமாக எங்காவது ஒரு கோட்டைத் தன் விருப்பத்துக்கு நகர்த்துவாள், நாங்கள் அதில் சண்டைகூடப் போட்டிருக்கிறோம். இதில் ஒன்றைக்கூட நகர்த்தவில்லை. அவளுக்கும் அது சரியாகப் பட்டிருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

கடைசியாக நீங்கள் கேட்டது பாக்கி இருக்கிறது. நேற்று மாலை முழுக்க அதைக் கேட்டீர்கள், நான் தண்ணீர் கேட்டேன், பிறகு தலைவலி என்றேன். மேசையில் ஒன்பது தாள்களையும் வரிசையாக வைத்து ஓரத்தில் இருந்த நேரங்களைக் காட்டினீர்கள். 2.44, 2.45, 2.46. ஒன்பதாவது தாளில் 2.51. சென்னப்பனை எழுப்பியது 3.07. படத்துக்கு வேண்டியது கிடைத்த பிறகும் நடுவில் பதினாறு நிமிடம், அந்த டெம்போ போனதும் அதற்குள்தான், அங்கே என்ன வரைந்தாய், அந்தத் தாள்கள் எங்கே என்றீர்கள். நான் ஒளித்து வைத்திருக்கிறேன் என்று நினைத்து வீட்டுக்கு ஆள் அனுப்பினீர்கள். பிரவீனாவின் அலமாரியைக்கூடக் கலைத்தார்களாம். அவளைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

தாள்கள் இல்லை. வேலைக்காகத்தான் செய்தேன் என்று இவ்வளவு தூரம் எழுதிவிட்டு, இந்த இடத்துக்கு வந்ததும் எனக்கே எழுதக் கை வரவில்லை. அந்தப் பதினாறு நிமிடமும் வினோதா என் கையை விடவில்லை. "நீங்க கூட இருக்கறதாலதான் சார் தைரியமா இருக்கு" என்றாள். போன் எப்போது அடிக்கும் என்று போனைப் பார்ப்பாள், உடனே என்னைப் பார்ப்பாள், ஒவ்வொரு தடவையும் முகம் வேறாக இருந்தது. ஒன்பதாவது தாளோடு பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் ஒன்றும் வரையவில்லை, மேடம். சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.